கருத்து உருவான இடம்

ஸ்கெல்வா என்றொரு நாடு இருப்பதை ஜெபக்கனி முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது, செத்துப்போன ஆட்டின் காதிலிருந்து வில்லையை அறுத்துக்கொண்டிருந்தாள். சூரங்காடு கால்நடை மருந்தகத்தில் அவள் உதவியாளர். ஊர்க்காரர்களுக்கு அது மாட்டாஸ்பத்திரி, அவள் மாட்டாஸ்பத்திரி அக்கா. காப்பீடு செய்த ஆடு செத்தால் காது வில்லையை வெட்டி அனுப்பவேண்டும் என்பது விதி. அந்த ஐப்பசியில் மட்டும் அவளுடைய மேசை இழுப்பறையில் நூற்றுக்கு மேல் வில்லைகள் சேர்ந்துவிட்டன. மூன்றாவது வருடமாக மழை இல்லை. கரிசல் மண் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. உளுந்து முளைக்கவில்லை, கம்பு முளைத்துக் கருகியது.

செய்தியைக் கொண்டுவந்தவர் பொன்னுத்துரை. விளாத்திகுளத்தில் விதைக்கடை வைத்திருந்தவர். விதை வாங்க ஆளில்லாமல் போனதும் கடையைப் பூட்டிவிட்டு வான்பொது இயக்கத்துக்கு வட்டாரப் பொறுப்பாளர் ஆகியிருந்தார். மழை தவறிய நாற்பது நாடுகளின் ஜனங்கள் சேர்ந்து நடத்திய இயக்கம் அது.

ஸ்கெல்வா வடகோடியில் இருக்கும் குளிர்நாடு என்றும், அங்கே வெயில் ஏறி உறைமண் இளகத் தொடங்கியதால் ஏழு வருடமாக விமானங்களை விட்டு மேல்வானத்தில் ஒரு பொடியைத் தூவுகிறார்கள் என்றும், அதனால் வடக்கே குளிர்கிறது, இங்கே மழை வருடத்துக்கு வருடம் விலகி வழிமாறிப்போகிறது என்றும் அவர் விளக்கினார்.

“நம்ம மழைய யாரும் களவாங்கல தாயி. பந்தல்ல ஒரு மூலைக் கயித்த இழுத்தா மறுமூலைத் துணி நகருமா நகராதா? அவுக அவுக மூலைய இழுக்காக. நம்ம தலையில வெயில் அடிக்கி.”

அதற்கு நாம் என்ன செய்யமுடியும் என்று ஜெபக்கனி கேட்டாள். பங்குனியில் அங்கே தேர்தல் வருகிறது என்றார் அவர். ஒரு கட்சி விமானம் பறக்கவேண்டும் என்கிறது, மற்றது நிறுத்தவேண்டும் என்கிறது. தங்கள் நாட்டின் முடிவால் பாதிக்கப்படுகிறவர் யாராக இருந்தாலும், சம்மதிக்கிற வாக்காளரிடம் பேசலாம் என்று ஸ்கெல்வாவில் சட்டமே இருக்கிறது. மொழிக்குக் கருவி உண்டு. நம் குரலிலேயே அவர்கள் மொழியில் போய்ச் சேரும்.

“பேச ஆளு வேணும். நீ ஊசி போடுதப்ப மாடே ஒம் பேச்சுக்குத் தலையாட்டுது” என்றார்.

ஜெபக்கனிக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா போனபிறகு அவளுக்கு மிச்சமிருந்த உறவு தம்பி ஆசீர் மட்டும்தான். மனைவி எஸ்தரோடும் மகளோடும் அவன் வேப்பலோடைப் பக்கம் இருந்து உப்பளத்தில் வேலை பார்த்தான். மருந்தகத்தில் சும்மா உட்கார்ந்து ஆடுகள் சாவதை எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று அவளுக்குப் பட்டது. சரி என்றாள்.

முதல் வாரத்தில் அவளுக்குக் கொடுத்த ஒன்பது பேரில் ஐந்து பேர் வணக்கத்துக்குப் பின் இணைப்பைத் துண்டித்தார்கள். இரண்டு பேர் அனுதாபப்பட்டுவிட்டுத் துண்டித்தார்கள். ஒருவர் திட்டினார். கடைசியாக யோர்தா. அவள் ஹெல்மோ என்ற சிற்றூரில் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவள், வயது ஐம்பத்தாறு. அழைப்பு போனபோது வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ திருகிக்கொண்டிருந்தாளாம். இரண்டு கையிலும் மசகு. துண்டிக்க முடியாமல்தான் கேட்டேன் என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

ஆரம்பத்தில் கருவி யோர்தாவை மேடைத் தமிழில் பேசவைத்தது. ‘தங்கள் கால்நடைகள் நலமா’ என்று அவள் கேட்டபோது ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கருவி ஜெபக்கனியின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. நான்காவது வாரம் யோர்தா சுத்தமான தூத்துக்குடித் தமிழில் “என்ன பிள்ள, சாப்டியா?” என்றாள். அதற்குப் பிறகு அந்தக் குரலை வேற்றாளின் குரலாக நினைக்க ஜெபக்கனியால் முடியவில்லை. மருந்தகம் மூடியதும் நான்கு மணிக்கு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவாள். அங்கே அது யோர்தாவின் மதிய இடைவேளை.

சட்டத்தின் இன்னொரு பாதியை அவளுக்குச் சொன்னது யோர்தாதான்.

“நாம பேசுத ஒவ்வொரு வார்த்தையும் பதிவாவுது பிள்ள. வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசச் சம்மதிச்சா நம்பர் போட்ட தனிச்சீட்டுலதான் ஓட்டு. ஜெயிச்ச வித்தியாசம் கொஞ்சமா வந்துச்சுன்னா விசாரிக்க மூலஆயம்னு ஒண்ணு ஒக்காரும். ஒருத்தர் மனசுல ஒரு எண்ணம் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லுத மிசினு அவுககிட்ட இருக்கு. பேச்ச எல்லாம் அதுல போட்டு அலசுவாங்க. பாதிக்கு மேல வெளியிலருந்து வந்திருந்தா அந்த ஓட்டு செல்லாது.”

மனதில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று மிசின் எப்படிச் சொல்லும் என்று ஜெபக்கனி கேட்டாள். வார்த்தை, இழுப்பு, தயக்கம், யார் சொன்னதை யார் எப்போது திரும்பச் சொல்கிறார்கள் என்பதை வைத்துக் கண்டுபிடிக்குமாம் என்றாள் யோர்தா. தனக்கும் முழுக்க விளங்கவில்லை என்றும் சொன்னாள்.

தைமாதம் முழுக்கப் பேசினார்கள். நாற்பது ஆட்டையும் விற்றுவிட்டு வெறும் பட்டியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பற்றி ஜெபக்கனி சொன்னாள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி முழங்கால் உடைந்தவரைப் பற்றிச் சொன்னாள். யோர்தா குறுக்கே பேசாமல் கேட்பாள். பிறகு தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். ஹெல்மோ ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. சரிவின் மண் உள்ளே உறைந்திருக்கும்வரைதான் வீடுகள் நிற்கும். விமானங்கள் பறக்கத் தொடங்குவதற்கு முந்தைய கோடையில் சரிவு இளகிப் பதினைந்து வீடுகள் கடலுக்குள் போயின. அதில் ஒன்று பக்கத்துவீட்டு ஹால்டாவுடையது. அடுப்பில் ரொட்டி வைத்துவிட்டு உள்ளே இருந்தாள், வீட்டோடு போய்விட்டாள். விமானங்கள் வந்தபிறகு மண் மறுபடி இறுகியிருக்கிறது.

இதைக் கேட்டதும் ஜெபக்கனி மடியிலிருந்த தாளைப் புரட்டினாள். பொன்னுத்துரை கொடுத்திருந்த குறிப்பில் சரிவைப் பற்றி ஒன்றும் இல்லை. வீடு திரும்பியவள் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். மறுநாள் அவரிடம் கேட்டபோது, அவர்கள் பணக்கார நாடு, வேறு இடத்தில் வீடு கட்டிக்கொள்வார்கள், நாம் எங்கே போவது என்றார். அதுவும் சரிதான் என்று தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

மாசி முதல் வாரத்தில் யோர்தா ஒரு கேள்வி கேட்டாள். “ஊரே மழைக்குக் காத்துக் கெடக்குன்னு சொல்லுதியே. மொத்தப் பேருமா?”

“மொத்தப் பேருந்தான்.”

“எல்லாருகிட்டயும் கேட்டியா?”

கேட்டேன் என்று ஜெபக்கனி சொன்னாள். கேட்கவில்லை. மழை வேண்டுமா என்று யாராவது யாரிடமாவது கேட்பார்களா? ஆனால் சொன்ன பொய் செருப்பில் ஏறிய முள்போல நடக்கும்போதெல்லாம் குத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி உப்பளத்துக்குப் போனாள்.

ஆசீர் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தான். வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வாரிய உப்பைக் கொட்டிவைக்கும் தட்டுமேட்டில் அது ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அக்காவைக் கண்டதும் கரையேறி வந்தான். கால் இரண்டும் வெடித்து, வெடிப்பில் உப்பு உட்கார்ந்திருந்தது. அவள் கொண்டுவந்த மீன்குழம்பைத் தட்டுமேட்டு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் மகள் ஒன்பதாவதில் வகுப்பில் இரண்டாவதாக வந்ததைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் உனக்கு மழை வேண்டுமா என்று அவள் கேட்டாள்.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“எக்கா, ஐப்பசியில மழ விழுந்தா பாத்தி கரைஞ்சிரும். தை பொறக்குற வரைக்கும் எனக்கு வேல கெடையாது. எத்தன வருசம் அந்த மூணு மாசம் ஒன் வீட்டுலதான் கஞ்சி குடிச்சிருக்கோம், ஒனக்கே தெரியும். இந்த மூணு வருசமா பன்னெண்டு மாசமும் வேல இருக்கு. எஸ்தர் யாருகிட்டயும் கை நீட்டல. ஆடு சாவுறத நானும் பாக்கேன். சந்தோசமில்ல. ஆனா மழ வேணுமான்னு கேட்டா…” நிறுத்திவிட்டுச் சொன்னான். “நீ ஊருக்காகப் பேசுதன்னு சொன்னாங்க. நானும் ஊருதான? என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

அவன் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் வெள்ளை நிலம், மறுபக்கம் கறுப்பு நிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலைதான் இருந்தது.

அடுத்த மூன்று வாரமும் அவள் யோர்தாவை அழைத்தாள், ஆனால் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. பொன்னுத்துரை இரண்டு தரம் வந்து உன் ஆள் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். தெரியவில்லை என்றாள். ஆசீர் சொன்னதையும் அவரிடம் சொல்லவில்லை. யோர்தாவிடமும் அவன் பெயரை எடுக்கவில்லை. தம்பி தன்னிடம் சொன்னதை வேறு நாட்டில் பதிவாகும் இடத்தில் போடுவது காட்டிக்கொடுப்பது மாதிரி இருந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், கடைசி அழைப்பில், யோர்தாதான் பேச்சை எடுத்தாள். நாளைக்கு நான் என்ன செய்யணும், சொல்லு என்றாள்.

“எனக்குத் தெரியலக்கா” என்றாள் ஜெபக்கனி. “பேச ஆரம்பிச்சப்ப தெரிஞ்சுது. இப்ப தெரியல. ஒங்க சரிவும் என் கண்ணுக்குள்ளயே நிக்கி. நீங்க பாத்துச் செய்ங்க.”

அந்தப் பக்கம் வண்டியின் எஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது. பிறகு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு யோர்தா வைத்துவிட்டாள்.

விமானத்தை நிறுத்தச்சொன்ன கட்சி ஒரே ஒரு இடத்தால் ஜெயித்தது. அந்த இடம் ஹெல்மோ. அங்கே வித்தியாசம் இருபத்துமூன்று ஓட்டு. மூலஆயம் உட்கார்ந்தது. தனிச்சீட்டுகளைத் திறந்து, நிறுத்தச்சொல்லி விழுந்த நாற்பது ஓட்டுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அலசினார்கள். பதினெட்டு நாளில் இருபத்திரண்டு ஓட்டுகள் தள்ளுபடியாயின. கடைசியாக மிஞ்சியது யோர்தாவின் ஓட்டு. அதுவும் போனால் இரண்டு பக்கமும் சமம், மறுதேர்தல்.

யோர்தா நிறுத்தச்சொல்லித்தான் போட்டிருக்கிறாள் என்று ஜெபக்கனிக்கு அப்போதுதான் தெரிந்தது. சாட்சி சொல்ல ஜெபக்கனியைத் திரையில் அழைத்தார்கள். விளாத்திகுளத்தில் இயக்க அலுவலகத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். ஆசீரும் வந்து கதவோரம் நின்றான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று பொன்னுத்துரை காதில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயத்தில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண், கடைசி அழைப்பில் நீங்கள் சொன்னது உண்மையா, தந்திரமா என்று கேட்டாள். தயங்குவதுபோல் காட்டி மனதை மாற்றுவதும் ஒரு வழிதானே என்றாள்.

ஜெபக்கனி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். உண்மை என்று ஒற்றை வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று அடுத்துக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மை என்றாள். கேட்டார்கள்.

“நான் ஊரு மொத்தத்துக்கும் மழ வேணும்னு சொன்னேன். அது பொய். எங்க ஊருலயே மழ வேண்டாங்கவுக இருக்காக. அவுகளுக்கும் வயிறு இருக்கு. அது தெரிஞ்சபொறவு இன்னொரு ஊருக்காரிகிட்ட இப்படிச் செய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

யார் அவர்கள் என்று ஆயத்தில் கேட்டார்கள். சொல்ல விருப்பமில்லை என்றாள். அறைக்குள் சலசலப்பு எழுந்தது. யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். கதவோரம் ஆசீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அறிக்கையை வாசித்தார்கள். வாக்காளரின் கருத்தில் வெளியிலிருந்து வந்தது நூற்றுக்குப் பதினொன்று, ஓட்டு செல்லும் என்றது அது. அதற்குக் கீழே ஜெபக்கனியைப் பற்றி இன்னொரு வரியும் இருந்தது. இந்த உரையாடலில் கருத்து மாறியவர் அழைத்தவரே, அவருடைய தற்போதைய கருத்தில் வாக்காளரிடமிருந்து வந்தது நூற்றுக்கு அறுபத்துநான்கு. ஆயத்தில் ஒருவர் லேசாகச் சிரித்தார். வழக்குக்குச் சம்பந்தமில்லாத வரி என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பொன்னுத்துரை ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை நீ இயக்கத்துக்கு ஒழுங்காக வேலை செய்யவில்லை, செய்திருந்தால் தோற்றிருப்போம் என்றார். பாராட்டினாரா வைதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று யோர்தாவிடம் அவள் கேட்டாள்.

“ஒனக்காக இல்ல பிள்ள. இருவது வருசம் அந்தச் சரிவுல வண்டி ஓட்டியிருக்கேன். டயரு எவ்வளவு அமுங்குதுன்னு எனக்குத் தெரியும். விமானம் பறந்தாலும் பத்து வருசம், பறக்காட்டி ரெண்டு வருசம். சரிவு போவத்தான் போவுது. அதுக்கு ஒங்க ஆடு எதுக்குச் சாவணும்?”

விமானங்கள் நின்றன. அந்த வருடம் ஐப்பசி ஐந்தாம் தேதி மழை விழுந்தது. கரிசல் மண் குடித்துக் குடித்து உப்பிப் பிளவுகளை மூடிக்கொண்டது. கம்மாய் நிறைந்தது. மருந்தகத்துக்குச் செத்த ஆடு வருவது நின்று, சினை பார்க்க ஆடு வந்தது. வேப்பலோடையில் பாத்திகள் கரைந்தன. ஆசீர் மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தான். அக்கா வீட்டுக்குக் கஞ்சிக்கு வரவில்லை. அவள் அரிசி கொண்டுபோனபோது வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்த கோடையில் ஹெல்மோவைக் காலிசெய்ய உத்தரவு வந்தது. யோர்தா உள்நாட்டில் ஒரு தகரவீட்டுக்குப் போனாள். அங்கே அள்ளுவதற்குப் பனி அவ்வளவாக இல்லை, சும்மா இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்றாள். பிறகு அழைப்புகள் குறைந்தன.

ஹெல்மோ வழக்கு உலகமெல்லாம் பேசப்பட்டது. அந்நியர் பேச்சு ஓட்டை அசைத்துவிடும் என்று எல்லா நாட்டுக்கும் பயம் வந்தது. ஒவ்வொரு நாடாக ஸ்கெல்வாவின் சட்டத்தில் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டன. பேசலாம் என்ற பாதியை விட்டுவிட்டார்கள், அலசலாம் என்ற பாதியை எடுத்துக்கொண்டார்கள். ஸ்கெல்வாவின் பதிவுகளை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கேயும் அது வந்தது.

மூன்றாவது வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் வானம் ஒரு பெரிய பேச்சாக இருந்தது. வருடத்தில் நான்கு மாதம் மட்டும் விமானம் பறக்கட்டும், மழை அளவோடு பெய்யும், மிச்சச் சரிவுகளும் உப்பும் பிழைக்கும், அந்த ஒப்பந்தத்தில் நம் நாடு கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு வேட்பாளர் சொன்னார். அந்நிய விமானத்துக்கு நம் வானத்தில் ஒரு நாள்கூட இடமில்லை என்று மற்றவர் சொன்னார். ஜெபக்கனி இரண்டு பேருடைய கூட்டத்துக்கும் போய்க் கேட்டாள். யோசித்தாள். முடிவு செய்தாள்.

ஆசீருக்கு இன்னும் அக்கா வீட்டு முகவரியில்தான் ஓட்டு. காலை பத்து மணிக்கு அவன் பைக்கில் வந்தான். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். அலுவலர் அவளுடைய அட்டையை வாங்கித் திரையில் பார்த்தார். மறுபடி பார்த்தார். இளவயது, நல்ல மாதிரி.

“அம்மா, ஒங்க பேரு தனிப்பட்டியல்ல இருக்கு. ஒங்களால இப்ப ஓட்டுப் போடமுடியாது.”

ஏன் என்று கேட்டாள். அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வானம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இவருடைய கருத்து வெளிநாட்டில் உருவானது, நூற்றுக்கு அறுபத்துநான்கு என்று அதில் எழுதியிருந்தது.

“அது அந்த யோர்தாக்கா சொன்னதில்ல” என்றாள் ஜெபக்கனி. “எந்தம்பி சொன்னது. உப்பளத்துல வச்சு.”

“நாந்தான் சார் சொன்னேன்” என்றான் ஆசீர்.

அலுவலர் இரண்டு பேரையும் பார்த்தார். “பதிவு எதுவும் இருக்கா?”

பாத்திக் கரையில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டு பேசியதற்கு என்ன பதிவு இருக்கும்? இருந்தால் முப்பது நாளைக்குள் அனுப்பலாம், பரிசீலிப்பார்கள் என்றார் அவர். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஜெபக்கனி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். அதைப் பைக்குள் வைத்தாள். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் ஆட்டுக்கெல்லாம் ஊசி போட்டவள் அவள்.

ஆசீர் அவள் பக்கம் குனிந்தான். “எக்கா, நீ யாருக்குப் போட வந்த? சொல்லு. எனக்கு எதுவும் பெருசில்ல, ஒனக்காக நான் போடுதேன்.”

அவள் வாயைத் திறந்தாள். அலுவலர் தலையை நிமிர்த்தாமல், மெதுவாக, அவர்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “இங்க வச்சுச் சொல்லாதீங்கம்மா. மேல மைக் இருக்கு. நீங்க சொல்லி அவரு போட்டா, அவரு ஓட்டும் வெளிநாட்டுக் கணக்குலதான் போவும்.”

ஜெபக்கனி வாயை மூடிக்கொண்டாள். ஆசீர் கொஞ்சநேரம் அவள் முகத்தையே பார்த்தான். அதில் ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறமாதிரி இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் உள்ளே போனான்.

வெளியே வந்தபோது அவன் விரலில் மை ஈரமாக இருந்தது. பைக்கை எடுத்தான், அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைக்குமா என்பதைப் பற்றிப் பேசினான். எஸ்தருக்கு முதுகுவலி குறைந்திருப்பதைச் சொன்னான். கம்மாய்க்கரை வளைவில் மேற்கே கறுத்திருந்தது, மண்வாசம் வந்தது. வழியில் நின்றிருந்த இரண்டு பேர் வானத்தைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வீடு வந்து சேரும்வரை அக்காவும் தம்பியும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.